எதற்கு நேரம் இருக்கிறது?

(பழைய மாணவிகள் சங்கத்தின் லண்டன் கிளை நடத்திய நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அக்கா எனக்குத் தந்த தலைப்பு ‘பெருநகர வாழ்வில் விழுமியங்களும் மகிழ்ச்சியும்’. அரை மணித்தியாலம் தந்திருக்கிறார். அதற்கு மேலே போனால் சாப்பாடு ஆறிவிடும், பழி உமக்குத்தான் என்றும் சொல்லிவிட்டார். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தத் தலைப்பில் வழக்கமாகப் பேசப்படும் பேச்சை நாங்கள் எல்லோரும் கேட்டிருக்கிறோம். ஊரில் அன்பு இருந்தது, நகரத்தில் பணம்தான் இருக்கிறது. அங்கே படலை திறந்திருந்தது, இங்கே கதவு பூட்டியிருக்கிறது. இப்படிப் பேசினால் கைதட்டும் கிடைக்கும். ஆனால் எனக்கு அது அரைவாசி உண்மையாகத்தான் படுகிறது. திறந்திருந்த படலைக்குள்ளால் அன்பு மட்டும் வரவில்லை. யார் வீட்டுப் பிள்ளை யாரோடு சைக்கிளில் கதைத்துக்கொண்டு போனாள் என்ற செய்தியும் அந்த வழியால்தான் வந்தது. சாதி வந்தது, சீதனக் கணக்கு வந்தது, ‘ஆட்கள் என்ன சொல்லுவினம்’ என்ற பயமும் வந்தது. இந்த மண்டபத்தில் இருக்கிற பெண்களில் எத்தனையோ பேர் முதன்முதலாக நிம்மதியாக மூச்சு விட்டது ஒரு பெரிய நகரத்தில்தான். தனியாக ஒரு அறை வாடகைக்கு எடுத்தவர்கள், பிடிக்காத மணவாழ்வை விட்டு வெளியே வந்தவர்கள், நாற்பது வயதில் திரும்பப் படிக்கத் தொடங்கியவர்கள் எல்லாம் இங்கே இருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் நின்று ‘நகரம் கெட்டது’ என்று நான் சொல்ல முடியாது.

இதை நூறு வருடத்துக்கு முன்பே ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். பேர்லினில் பிறந்து வளர்ந்த கேயோர்க் சிம்மல் என்ற சமூகவியலாளர் 1903இல் பெருநகரத்தையும் மனித மனத்தையும் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சிறிய ஊரில் கிடைக்காத சுதந்திரம் நகரத்தில் கிடைக்கிறது, பெருங்கூட்டத்துக்கு நடுவில் வருகிற தனிமை அந்தச் சுதந்திரத்தின் மறுபக்கம் என்பது அவருடைய வாதம். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுக்க இயலாது. எங்களை யாரும் கவனிக்காத இடத்தில், எங்களுக்குக் காய்ச்சல் வந்தாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

சரி, விழுமியம் என்றால் என்ன? பாடசாலையில் அது கரும்பலகையின் மேல் மூலையில் எழுதப்பட்ட வாசகமாக இருந்தது. உண்மை பேசு, நேரம் தவறாதே, பெரியோரை மதி. நான் இன்று பேசுவது அதைப்பற்றி அல்ல. வாழ்க்கையில் எது முக்கியம் என்று ஒருவர் மனதில் வைத்திருக்கிறாரோ, அதைத்தான் விழுமியம் என்கிறேன். அது நல்லதாகவும் இருக்கலாம், எங்களுக்குப் பிடிக்காததாகவும் இருக்கலாம். ஷலோம் ஷ்வார்ட்ஸ் என்ற உளவியலாளர் பல நாட்டு மக்களிடம் கேட்டு ஆராய்ந்து, 1992இல் இவற்றைப் பத்து வகையாகப் பிரித்தார். சுயமாகத் தீர்மானித்தல், புதுமை தேடுதல், இன்பம், சாதனை, அதிகாரம், பாதுகாப்பு, ஒத்துப்போதல், மரபு, தன்னைச் சேர்ந்தவர்மீது பரிவு, உலகத்தார் எல்லோர்மீதும் அக்கறை. அவர் இவற்றை ஒரு வட்டமாக அடுக்கினார். பக்கத்தில் பக்கத்தில் இருப்பவை ஒன்றோடொன்று ஒத்துப்போகும். எதிர் எதிரே இருப்பவை இழுபடும். சாதனைக்கு எதிர்ப்பக்கத்தில் பரிவு இருக்கிறது. சுயமாகத் தீர்மானிப்பதற்கு எதிர்ப்பக்கத்தில் மரபும் ஒத்துப்போதலும் இருக்கின்றன.

எங்கள் வீடுகளில் நடக்கும் சண்டைகள் எல்லாம் இந்த வட்டத்துக்குள் அடங்கிவிடுவதை யோசித்துப் பாருங்கள். பதவி உயர்வா, அம்மாவோடு இருப்பதா? இது ஒரு இழுபறி. மகள் நாடகம் படிக்க விரும்புகிறாள், எங்களுக்கு அவள் மருத்துவம் படிக்க வேண்டும். இது இன்னொரு இழுபறி. இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. நாங்கள் சிலர் சுதந்திரத்துக்காக நகரத்துக்கு வந்தோம். அந்தச் சுதந்திரத்தை எங்கள் மகள்மாருக்குக் கொடுக்கும்போது மட்டும் கை நடுங்குகிறது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் விமானம் ஏறியபோது கொண்டுவந்த ஊரை அப்படியே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறோம். உண்மையான ஊரில் அதே வயதுப் பிள்ளை தலைக்கவசம் போட்டு ஸ்கூட்டியில் வேலைக்குப் போய் வருகிறாள். அதிபர் அவர்கள் சிரிக்கிறார், ஆகவே நான் சொல்வது சரியாகத்தான் இருக்க வேண்டும்.

எந்த விழுமியம் உள்ளவர்கள் கூடுதல் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள்? இந்தக் கேள்விக்கு ஆய்வாளர்கள் கண்ட விடை அவ்வளவு நேரானதல்ல. அமெரிக்காவில் ரிம் காசரும் றிச்சார்ட் றையனும் 1993இல் வெளியிட்ட ஆய்வில், மற்ற எல்லாவற்றுக்கும் மேலாகப் பணத்தில் வெற்றி பெறுவதையே குறியாக வைத்திருந்த இளைஞர்களின் மனநலம் குறைவாக இருந்தது. எங்கள் சமய பாட ஆசிரியை இதை ஆய்வு இல்லாமலே சொல்லியிருப்பார். ஆனால் லிலாக் சகிவ் என்பவரும் ஷ்வார்ட்ஸும் 2000இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு இன்னும் முக்கியமாகப் பட்டது. அவர்கள் உளவியல் படிக்கும் மாணவர்களையும் வணிகத்துறை மாணவர்களையும் எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் எதைப் பெரிதாக மதிக்கிறார் என்பது மட்டும் அவருடைய நலத்தைத் தீர்மானிக்கவில்லை. அவர் மதிப்பதும் அவரைச் சுற்றியுள்ள சூழல் மதிப்பதும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதும் சேர்ந்தே தீர்மானித்தது. தண்ணீரில் இருக்கிற மீனுக்கு நீந்தும் கஷ்டம் தெரியாது. அதே மீனைக் கரையில் போட்டுவிட்டு ‘உனக்கு என்ன குறை’ என்று கேட்கக்கூடாது.

இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே நோயாளர்களிடம் பார்த்திருந்தேன். இந்த நாட்டில் ஒரு குடும்ப வைத்தியருக்கு ஒரு நோயாளரைப் பார்க்கப் பொதுவாகக் கிடைப்பது பத்து நிமிடம். தலையிடி, நித்திரை இல்லை, நெஞ்சு படபடக்கிறது, சாப்பாடு செமிக்கவில்லை என்று எங்கள் பெண்கள் வருவார்கள். இரத்தம் பரிசோதிப்போம், அழுத்தம் பார்ப்போம், இருதயத் துடிப்பைப் பதிவு செய்வோம். அவை பார்க்க வேண்டியவைதான். எங்கள் சமூகத்தில் நீரிழிவும் இருதய நோயும் அதிகம், ஆகவே ‘மனக்கவலைதான்’ என்று சொல்லிப் பரிசோதனையைத் தவிர்க்க வேண்டாம் என்பதை இந்த இடத்தில் ஒரு வைத்தியராகச் சொல்லிவைக்கிறேன். எல்லாம் சரியாக இருந்த பிறகும் நோ போகாதவர்கள் இருக்கிறார்கள். ஒன்பதாவது நிமிடத்தில், கதவுப் பிடியில் கை வைத்துக்கொண்டுதான் அவர்கள் உண்மையைச் சொல்லத் தொடங்குவார்கள்.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். ஒரே ஒருவரைப் பற்றி அல்ல. பலரிடம் கேட்டவற்றைச் சேர்த்துச் சொல்கிறேன், யாரும் தேட வேண்டாம். முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்ய விசாவில் வந்தவர். வயது முப்பத்தைந்துக்குள். 2024 மார்ச் மாதத்துக்குப் பிறகு பராமரிப்புப் பணிக்கு விண்ணப்பித்து வந்தவர்கள் கணவனையோ பிள்ளைகளையோ கூட்டிக்கொண்டு வர முடியாது. ஆகவே பிள்ளை ஊரில் அம்மம்மாவோடு. இவருக்கு இரவு வேலை. இரவு 2 மணிக்கு இடைவேளை. கோடை காலத்தில் அப்போது ஊரில் காலை 6.30. கைத்தொலைபேசியை மேசையில் நிமிர்த்தி வைத்துவிட்டு, பிள்ளை சீருடை போடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். பின்னல் ஒரு பக்கம் ஏறியிருக்கிறது, றிபனைத் திரும்பக் கட்டச் சொல்லு அம்மா என்பார். இருபது நிமிடம் முடிய, எழும்பிப் போய் வேறொருவருடைய தாயைத் திருப்பிப் படுக்க வைப்பார். விடியற்காலையில் முகம் துடைத்து, தலை வாரி, தேநீர் பருக்குவார். மிகவும் அன்பாகச் செய்வார். ‘டொக்டர், என்ர அம்மாவுக்கு நான் இதெல்லாம் ஒருநாளும் செய்ததில்லை’ என்று சொல்லும்போதுதான் அழுகை வரும்.

இவரிடம் விழுமியம் குறைவா? இந்த மண்டபத்தில் யாருக்கும் குறையாத அளவு இருக்கிறது. அவர் எதை உயர்வாக நினைக்கிறாரோ, அதை அவருடைய நாள் செய்யவிடவில்லை. தலையிடி வருவது அந்த இடைவெளியில். அவரிடம் போய் ‘மனதைத் திடப்படுத்துங்கோ, தியானம் செய்யுங்கோ’ என்று சொல்வது எனக்கு வெட்கமாக இருக்கும். அவருடைய துன்பத்தில் ஒரு பங்கு ஒரு நாட்டின் சட்டத்தில் இருக்கிறது, ஒரு பங்கு எங்கள் ஊரின் வேலையில்லாத் திண்டாட்டத்தில் இருக்கிறது. மருந்துச்சீட்டில் அவற்றை எழுத முடியாது.

நகரத்து மனிதர்களுக்கு இரக்கம் இல்லை என்று சொல்வோருக்கு ஒரு பழைய பரிசோதனையைச் சொல்ல விரும்புகிறேன். 1973இல் ஜோன் டார்லி, டானியல் பற்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் வெளியிட்டது. அமெரிக்காவில் பிறின்ஸ்ரன் இறையியல் கல்லூரி மாணவர்களை, வேறு கட்டடத்துக்குப் போய் ஒரு சிறு பேச்சு நிகழ்த்தும்படி அனுப்பினார்கள். சிலருக்குக் கொடுத்த தலைப்பே நல்ல சமாரியன் உவமை, வழியில் காயப்பட்டுக் கிடந்தவனுக்கு உதவியவனின் கதை. போகிற வழியில் ஒருவரை, நோயாளி போல இருமிக்கொண்டும் முனகிக்கொண்டும் இருக்க வைத்தார்கள். ‘நேரம் இருக்கிறது’ என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 வீதம் பேர் நின்று உதவினார்கள். ‘பிந்திவிட்டீர், ஓடும்’ என்று அனுப்பப்பட்டவர்களில் 10 வீதம்தான். நல்ல சமாரியனைப் பற்றிப் பேசப் போனவர்களா, வேறு தலைப்பில் பேசப் போனவர்களா என்பது பெரிய வித்தியாசத்தை ஏற்படுத்தவில்லை. கடவுள் பணிக்கென்றே தங்களை ஒப்புக்கொடுத்த பிள்ளைகள் அவர்கள். அவர்களுடைய நம்பிக்கையில் பழுது இல்லை. கையில் நேரம் இல்லை, அவ்வளவுதான்.

நகரம் செய்கிற வேலையும் இதுதான் என்று நினைக்கிறேன். றொபேட் லெவின் என்பவர் அமெரிக்காவின் 36 நகரங்களில், பேனை தவறி விழுந்தால் எடுத்துக் கொடுக்கிறார்களா, கண் தெரியாதவரை வீதி கடக்க விடுகிறார்களா என்றெல்லாம் சோதித்து 1994இல் எழுதினார். சன நெருக்கம் கூடிய நகரங்களில் உதவி குறைந்தது. நெருக்கத்தில் வாழும் மனிதன் கெட்டவனாகிவிடுகிறான் என்று நான் இதை எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு நாளில் இரண்டாயிரம் முகங்களைக் கடந்து போகிறவர் எல்லா முகங்களையும் பார்த்துக்கொண்டிருந்தால் வேலைக்குப் போய்ச் சேர மாட்டார். பார்வையைச் சுருக்கிக்கொள்ளப் பழகுகிறோம். பழகிய பார்வை வீட்டுக்கு வந்த பிறகும் விரிவதில்லை, அதுதான் சங்கடம்.

இதுவரை நான் சொன்னது, நகரம் எங்களுக்குச் செய்வது. நாங்களே எங்களுக்குச் செய்துகொள்வதும் இருக்கிறது. அந்தப் பராமரிப்புப் பணிப்பெண்ணுக்குத் தெரிவு குறைவு. இங்கே வேலையும் வீடும் வதிவுரிமையும் உள்ள எங்களுக்குத் தெரிவு இருக்கிறது.

சில நோயாளர்களிடம் ஒரு வீட்டுப்பாடம் கொடுப்பேன். ஒரு தாளை எடுத்து, உங்கள் வாழ்க்கையில் முக்கியமான மூன்று விஷயங்களை ஒரு பக்கத்தில் எழுதுங்கோ. மற்றப் பக்கத்தில் போன கிழமையின் 168 மணித்தியாலங்களையும் எழுதுங்கோ. நித்திரை, வேலை, பயணம், சமையல், கைத்தொலைபேசி, எல்லாம். பிறகு இரண்டு பக்கத்தையும் பாருங்கோ. நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. முதல் பக்கத்தில் ‘குடும்பம்’ என்று எழுதாதவரை நான் இன்னும் காணவில்லை. இரண்டாவது பக்கத்தில் முதலிடத்துக்கு வருவது வேலை, அதற்கடுத்து பல வேளைகளில் கார்.

கார் என்றதும் ஒரு விஷயம். தொண்ணூறுகளில் லண்டனுக்கு வந்தவர்கள் ஈஸ்ட்ஹாமிலும் ரூற்றிங்கிலும் ஒரு வீட்டில் மூன்று குடும்பமாக இருந்தார்கள். ரொறன்ரோவில் ஸ்காபுறோவின் அடுக்குமாடிகள். கையில் கொஞ்சம் காசு சேர, வெளியே வெளியே போனோம். அங்கே மார்க்கம், அஜெக்ஸ். இங்கே நெடுஞ்சாலைக்கு அப்பால். பெரிய வீடு, பின்வளவு, விருந்தினருக்கென்று தனி அறை. அந்த அறைக்குக் கடன் கட்டுவதற்காகக் கூடுதல் நேரம் வேலை. வேலைக்குப் போய்வர இரண்டரை மணித்தியாலம். விருந்தினர் வருவதானால் அவர்களுக்கும் அதே இரண்டரை மணித்தியாலம், ஆகவே அவர்களும் வருவதில்லை. கடைசியில் விருந்தினர் அறையில் உடற்பயிற்சி இயந்திரம் நிற்கிறது. அதில் உடுப்புக் காய்கிறது.

சிரிக்கிறீர்கள். ஆனால் இதற்கும் கணக்கு இருக்கிறது. டானியல் கானமன் குழுவினர் அமெரிக்காவின் ரெக்சஸ் மாநிலத்தில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம், முந்திய நாளை ஒவ்வொரு நிகழ்வாக நினைவுபடுத்தி, அந்தந்த நேரத்தில் மனநிலை எப்படி இருந்தது என்று எழுதச் சொன்னார்கள். 2004இல் அது வெளிவந்தது. நாளின் மிக மோசமான நேரங்களில் ஒன்று காலையில் வேலைக்குப் போகும் பயணம். வேலை முடிந்து பிறரோடு கூடியிருந்த நேரம் மேலே இருந்தது. ஜேர்மனியக் குடும்பங்களின் தரவுகளைப் பார்த்த சுவிற்சர்லாந்துப் பொருளியலாளர்கள் இருவர், நீண்ட பயணம் செய்கிறவர்களின் வாழ்க்கைத் திருப்தி குறைவாகவே இருக்கிறது, கூடிய சம்பளமோ நல்ல வீடோ அதை ஈடுசெய்யவில்லை என்று 2008இல் எழுதினார்கள். பெரிய வீடு வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எதைக் கொடுத்து வாங்குகிறோம் என்று வங்கி சொல்லாது, அதை நாங்கள்தான் கேட்க வேண்டும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது, இது என் தொழிலோடு சேர்ந்தது. ஜூலியன் ஹோல்ட்-லன்ஸ்ரட் என்பவரும் சகாக்களும் 148 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, மூன்று லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் தரவுகளைப் பார்த்து 2010இல் வெளியிட்டார்கள். உறவும் நட்பும் உறுதியாக உள்ளவர்கள், அவை குறைந்தவர்களைவிட, ஆய்வுக்காலத்தில் உயிரோடு இருப்பதற்கான வாய்ப்பு 50 வீதம் கூட. பிரித்தானிய அரசு 2018இல் தனிமைக்கென்று ஒரு அமைச்சரையே நியமித்தது. ஊரில் இதைக் கேட்ட என் மாமி, ‘அந்த அமைச்சர் வீட்டுக்கு வந்து கதைச்சுக்கொண்டு இருப்பாரோ’ என்று கேட்டார்.

நகரம் தருவதைப் பிடித்துக்கொண்டவர்களையும் பார்த்திருக்கிறேன். ஒரு அம்மா, எழுபது கடந்தவர். கணவர் இறந்த பிறகு மகனோடு ஹரோவில் வந்து இருக்கிறார். முதல் இரண்டு வருடமும் ஒவ்வொரு மாதமும் என்னிடம் வருவார். முழங்கால், வயிறு, முதுகு என்று ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்று. காலையில் எல்லோரும் போய்விடுவார்கள், அவர் யன்னலடியில் இருப்பார். லண்டனில் முதியவர்களுக்கு இலவசமாகப் பயணம் செய்ய ஒரு அட்டை உண்டு, அதன் பெயர் ஃப்ரீடம் பாஸ். பேத்தி அதை எடுத்துக் கொடுத்து, இரண்டு முறை கூடவே போய் வழி காட்டியிருக்கிறாள். ஆங்கிலம் தெரியாது. பஸ் இலக்கங்களை ஒரு சின்னக் கொப்பியில் எழுதி, இறங்கும் இடத்துக்கு நேரே ‘சிவப்புக் கடை’, ‘பெரிய மரம்’ என்று தமிழில் அடையாளம் எழுதிக்கொண்டார். இப்போது வெள்ளிக்கிழமைகளில் பஸ் மாறி ஈலிங் அம்மன் கோயிலுக்குப் போய், அங்கே பூத்தொடுக்கிறார். அவரைப்போல இன்னும் நாலு அம்மாமார் சேர்ந்துவிட்டார்கள். முழங்கால் நோ போய்விடவில்லை. ஆனால் அதைப்பற்றிச் சொல்ல என்னிடம் வருவது குறைந்துவிட்டது. நான் எழுதிக் கொடுத்த எந்த மருந்தும் அந்த பஸ் செய்ததைச் செய்யவில்லை.

கவனியுங்கள், அவர் நகரத்தை வெறுத்து ஊரைத் தேடிப் போகவில்லை. ஊரில் இருந்திருந்தால் தனியாக இவ்வளவு தூரம் போக மகன் விட்டிருக்க மாட்டார். நகரம் கொடுத்த சுதந்திரத்தை எடுத்து, தனக்கு முக்கியமானதை அதற்குள் வைத்துக்கொண்டார்.

என் வயதுக்காரருக்கு ஒரு வார்த்தை. நாங்கள் படித்த காலத்தைப் பற்றி ‘அப்போது எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம்’ என்று ஒன்றுகூடல்களில் சொல்லிக்கொள்கிறோம். 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் கிடைப்பது அரிது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெயும் பஞ்சும் போட்டு எரித்த விளக்கில் படித்தோம். போட்டோப்பிரதி இல்லை, ஒருத்தியின் கொப்பியைப் பத்துப் பேர் கையால் எழுதினோம். விமானச் சத்தம் கேட்டால் பதுங்குகுழி. 1995 ஒக்ரோபர் 30 இரவு, மழைக்குள்ளே, நாவற்குழிப் பாலத்தால் நடந்தோம். சந்தோஷமாகவா இருந்தோம்? பயந்துபோய் இருந்தோம். பிள்ளைகளை இழந்த வீடுகளுக்கு முன்னால் ‘அது நல்ல காலம்’ என்று சொல்லக்கூடாது.

ஆனாலும் அந்தக் காலத்தை நினைக்கும்போது மனதில் ஏதோ ஒன்று முழுமையாக இருக்கிறதே, அது என்ன என்று பல நாள் யோசித்திருக்கிறேன். எனக்குத் தோன்றுவது இது. அப்போது நாங்கள் எதைச் சரி என்று நம்பினோமோ, அதைத்தான் அந்த நாளும் எங்களிடம் கேட்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பதுங்குகுழியில் இடம் விட வேண்டும். கொப்பியைக் கொடுக்க வேண்டும். சாவகச்சேரியிலும் கொடிகாமத்திலும் முன்பின் தெரியாதவர்கள் எங்களுக்காக வீட்டைத் திறந்துவிட்டார்கள், ஒரு குசினியில் ஐந்து அடுப்பு எரிந்தது. யாரும் விழுமியம் பற்றி உரை நிகழ்த்தவில்லை. அதற்கென்று நேரம் ஒதுக்கவும் தேவைப்படவில்லை. பெருநகரத்தில் எந்த நாளும் அப்படித் தானாகக் கேட்காது. காலையில் எழும்பினால் அது எங்களிடம் கேட்பது பயண அட்டையையும் கடவுச்சொல்லையும்தான். மற்றதை நாட்காட்டியில் எழுதி வைத்தால்தான் நடக்கும். அன்பை நாட்காட்டியில் எழுதுவதா என்று சிலருக்கு அருவருப்பாக இருக்கலாம். எழுதாமல் விட்டவர்களின் அம்மாமாரையும் நான் பார்த்திருக்கிறேன்.

பெருநகரம் என்றால் லண்டனும் ரொறன்ரோவும் மட்டும்தான் என்று இல்லை. எங்களுக்குப் படிப்பித்த ரீச்சர்மாரில் சிலர் இப்போது கொழும்பில், வெள்ளவத்தையில் அடுக்குமாடி வீடுகளில் இருக்கிறார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில். கீழே காவலாளி, மேலே மின்தூக்கி, நடுவில் பூட்டிய கதவு. போன வருடம் ஒரு ரீச்சரைப் பார்க்கப் போனேன். வீட்டில் எல்லா வசதியும் இருக்கிறது. பிள்ளைகள் நல்லவர்கள், கிழமையில் இரண்டு தரம் கதைக்கிறார்கள். பின்னேரம் 5 மணிக்கு ரீச்சர் யன்னலடிக்குப் போய், கடலோரமாகப் போகும் ரெயிலில் சனம் நிறைந்து தொங்கிக்கொண்டு போவதைப் பார்ப்பாராம். ‘அவ்வளவு சனத்தில எனக்குத் தெரிஞ்ச ஒரு முகம் இருக்குமோ எண்டு பாக்கிறனான்’ என்றார். நாற்பது வருடம் வகுப்பறையில் ஒவ்வொரு பெயரையும் முகத்தையும் பிழைவிடாமல் வைத்திருந்தவர்.

அதன் பிறகுதான் செயற்குழுவிடம் ஒரு விஷயம் கேட்டேன். வருடாந்த இராப்போசனமும் நடனமும் நன்றாகத்தான் நடக்கின்றன, அதை நிற்பாட்டச் சொல்லவில்லை. அதோடு ஒரு தொலைபேசிப் பட்டியலும் வைப்போம். கிழமைக்கு ஒரு முறை, குறித்த நாளில், குறித்த நேரத்தில், கால் மணித்தியாலம். ஒருத்தி அழைப்பாள், ஒருத்தி காத்திருப்பாள். ரீச்சர்மார், கணவரை இழந்த அக்காமார், இரவு வேலை செய்யும் தங்கைமார், புதிதாக வந்து ஊர் பிடிபடாமல் இருப்பவர்கள், யாராகவும் இருக்கலாம். செயற்குழு ஒத்துக்கொண்டது. இன்று காலை வாசலில் பதிவு செய்யும் மேசையில் ஒரு தாள் வைத்தார்கள். இரண்டு நிரல். ஒன்றில் அழைக்க விரும்புவோர், மற்றதில் அழைப்பை விரும்புவோர்.

பேச வருவதற்கு முன் அந்தத் தாளைப் பார்த்தேன். அழைக்க விரும்புவோர் 41 பேர். என் மனம் நிறைந்துவிட்டது, எங்கள் பிள்ளைகள் என்றால் சும்மாவா. அழைப்பை விரும்புவோர் 3 பேர். அதிலும் ஒருவர் தன் பெயரை எழுதிவிட்டுப் பிறகு வெட்டியிருக்கிறார்.

இந்த மண்டபத்தில் 160 பேர் வரையில் இருக்கிறோம். கொடுப்பது எங்களுக்கு நன்றாகத் தெரியும், அதை இந்தக் கல்லூரி சொல்லித் தந்தது. கேட்பதற்குக் கூச்சப்படுகிறோம். வெட்டிய பெயர் யாருடையது என்று நான் பார்க்கவில்லை, பார்த்தாலும் சொல்ல மாட்டேன். அவரிடம் மட்டுமல்ல, ஒன்பதாவது நிமிடத்தில் கதவுப் பிடியில் கை வைக்கிற எல்லோரிடமும் சொல்கிறேன்: தாள் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் மாற்றி வைக்கப்பட்டிருக்கிறது. பேனை நூலில் கட்டியிருக்கிறது. சாப்பாடும் இன்னும் ஆறவில்லை என்று செயலாளர் அக்கா சைகை காட்டுகிறார்.